பதினொரு கோல்கீப்பர்கள்

எங்கள் ஊரின் பெண்கள் கால்பந்து அணியில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொரு பேருமே கோல்கீப்பர்கள். இது எப்படி நேர்ந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் யாரோ ஒருவர் பொய் சொன்னதுபோலத் தோன்றும். கிட்டத்தட்ட யாரும் பொய் சொல்லவில்லை.

ஊர் ஆந்திராவில், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. எங்களுக்கு வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சண்டையில் இரண்டும். நான் அங்கே அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் கொடுப்பது, பாட்டுச் சொல்லித்தருவது, மாதம் ஒருமுறை எடை போடுவது என் வேலை. எடையை அட்டையில் புள்ளி வைத்துக் குறிக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு ரோஸ் அட்டை, ஆண் பிள்ளைக்கு நீல அட்டை. தராசு ஒன்றுதான்.

இந்த வேலையில் ஒரு வாக்கியத்தை ஓயாமல் கேட்டிருக்கிறேன். "ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது டீச்சர், ஓடிகினே கீது." இரண்டு வயதுப் பெண்ணைப் பற்றி அம்மா இதைச் சொன்னால் அது பெருமை. பன்னிரண்டு வயதில் அதே அம்மா அதே பெண்ணைப் பற்றி அதையே சொன்னால் அது புகார். இரண்டுக்கும் நடுவில் எந்த வருடம் அது மாறுகிறது என்று கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை. அந்த வயதில் அவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள், என் தராசுக்கு வருவதில்லை.

அரசுப் பள்ளிக்கு ஒரு விளையாட்டு ஆசிரியர் மாற்றலாகி வந்தார். பங்காருபாளையம் பக்கத்துத் தெலுங்குக்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் பி.இ.டி. சார். அவர் தமிழ் பேசுவது இரவல் செருப்பு போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருக்கும், ஆனால் நடந்துவிடுவார். ஒருநாள் மத்தியானம், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், என் சென்டருக்கு வந்தார். அங்கே இருப்பதெல்லாம் மூன்று வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. அதில் ஒன்றில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்தன.

பெண்களுக்குக் கால்பந்து அணி அமைக்கப் போகிறாராம். வெளியூர் போனால் கூட ஒரு பெண் வர வேண்டுமாம். பள்ளி டீச்சர்கள் எல்லோரும் மணி அடித்ததும் புத்தூர் பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள்.

"மீரு ராவாலம்மா, நீங்க வரணும்," என்றார். "வீட்ல எல்லாம் உங்கள நம்புவாங்க."

"எனக்குக் கால்பந்து தெரியாது சார்."

"அவங்களுக்கும் தெரியாதும்மா. நேர்ச்சுக்குவாங்க, கத்துக்குவாங்க."

அவர் தேர்ந்து வைத்திருந்த பதினொரு பெண்களின் வீட்டுக்கும் அவரும் நானும் அனுமதி கேட்கப் போனோம்.

முதல் வீடு பால் சென்டர் அம்மாவுடையது. பால் ஊற்ற வருகிறவர்களிடம் அளந்து வாங்கிக்கொண்டே எங்களிடம் பேசினார். அவர் மகள்தான் அணியிலேயே உயரம். சிறு வயதில் எடை அட்டையிலும் மேல் கோட்டை ஒட்டியே போனவள்.

"இதுல ஓடணுங்களா சார்?"

"கோல்கீப்பர்ன்னா ஓடறதில்லம்மா. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நிக்கணும். வர்றத புடிக்கணும். அந்தே, அவ்ளோதான்."

"நிக்கறதுன்னா நிக்கட்டும். எம்பொண்ணு நல்லா நிக்கும்."

இதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அவளைக் கோல்கீப்பராக வைப்பதென்று சார் முன்னமே முடிவு செய்திருந்தார்.

இரண்டாவது வீடு மேஸ்திரியுடையது. எங்கள் சென்டருக்குத் தரை போட்டவர் அவர்தான். எதையும் மட்டம் பார்க்காமல் செய்யமாட்டார், பேச்சு உட்பட. நாங்கள் போவதற்குள் பால் சென்டரிலிருந்து போன் வந்துவிட்டது. மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க டீச்சர். துன்னுட்டு பேசறேன்," என்றார். கை கழுவி வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார். "அந்த வீட்டுப் பொண்ணுக்கு நிக்கற வேலையாமே. எம்பொண்ணுக்கும் நிக்கற வேலையே குடுங்க. ரோட்டுல ஒரு பொண்ணு ஓடுச்சுன்னா, இன்னாத்துக்கு ஓடுதுன்னு நாலு பேரு கேப்பான். நிக்கற பொண்ண எவனும் கேக்க மாட்டான்."

சார் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

"சூஸ்தாம்," என்றார் சார். பார்க்கலாம் என்று பொருள். எங்கள் பக்கத்தில் அதிகாரி சொன்னால் அது இல்லை என்று அர்த்தம், வாத்தியார் சொன்னால் ஆகட்டும் என்று அர்த்தம். மேஸ்திரி தலையை ஆட்டினார்.

மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மதிய உணவு முட்டையைக் கவ்விக்கொண்டு ஓடிய நாயை அவள் துரத்திப் பிடித்ததைப் பள்ளி மைதானத்தில் பார்த்த பிறகுதான் சாருக்கு அணி என்ற எண்ணமே வந்ததாம். ஓட்டத்துக்காகத் தேர்ந்த பெண்ணுக்கு நிற்பதற்கு அனுமதி வாங்கிக்கொண்டு நாங்கள் மூன்றாவது வீட்டுக்குப் போனோம்.

மூன்றாவது வீட்டில், "அந்த ரெண்டு பொண்ணும் எப்பிடியோ அப்பிடியே," என்றார்கள். நான்காவது வீட்டில், "கோல்கீப்பர்தானே?" என்று அவர்களே கேட்டார்கள். கடைசி வீடுகளில் சார் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. காபி மட்டும் எல்லா வீட்டிலும் கொடுத்தார்கள்.

பயிற்சி ஏரிக்குள் நடந்தது. தண்ணீர் இல்லாத ஏரி. கரையில் சீமைக்கருவேல முள் அடர்ந்திருந்ததால் ஊரிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் ஒரு கல்லில் தண்ணீர் கேனும் ஊக்கும் மஞ்சள் பொடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெண்கள் லெகின்ஸுக்கு மேல் அரைக்கால் சட்டை போட்டிருந்தார்கள். எதை எதற்கு மேல் போடுவது என்பதில் முதல் வாரம் முழுக்க விவாதம் நடந்தது. பந்து யாரும் தொடாமல் வெயிலில் கிடந்தது.

வீடுகளில் மகள்கள் மாலையில் நிற்கப் போகிறார்கள் என்றே நினைத்திருந்தார்கள். "நிக்கறதுல எப்பிடிடி முட்டி தேயுது?" என்று மேஸ்திரி மனைவி கேட்டதற்கு, "பந்து வர்ற வேகம் அப்பிடிம்மா," என்றாளாம் மகள்.

டீக்கடையைத் தாண்டித்தான் ஏரிக்குப் போக வேண்டும். அங்கே எப்போதும் இரண்டு மூன்று இளவட்டங்கள் பைக்கில் சாய்ந்திருக்கும். ஒருநாள் ஒருவன், "பாத்துக்கடா, மாப்பிள்ளைய ஒதைக்கறதுக்கு இப்பவே பழகிகினு கீதுங்க," என்றான். மேஸ்திரி மகள் நடையை நிறுத்தாமல், "காத்து போனதெல்லாம் ஒதைக்க மாட்டோம்ணா, பயப்படாத," என்றாள். அவன் நண்பர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

அவள் ஓடும்போது முகத்தில் எதுவும் இருக்காது. மனக்கணக்குப் போடுகிறவள் முகம்போல இருக்கும். பந்து காலை விட்டுப் பிரியவே பிரியாது. ஒருநாள் என் பக்கத்தில் வந்து தண்ணீர் குடித்தாள்.

"இங்க மட்டும்தான் டீச்சர், எங்க போறன்னு யாரும் கேக்கறதில்ல," என்றாள். கேன் மூடியைத் திருகி வைத்துவிட்டு மறுபடி ஓடினாள்.

சித்தூரில் மண்டலங்களுக்கு இடையே போட்டி என்று செய்தி வந்தது. எங்களுக்கு முதல் ஆட்டம் பங்காருபாளையம் பெண்களோடு. சாருக்கு அது அவருடைய சொந்த ஊர்ப்பக்கம் என்பதால் இரண்டு மடங்கு கவலை.

செய்தி வந்த மறுநாள் காலை ஊர் வாட்டர் பிளாண்டில் சண்டை. நான் கேனோடு வரிசையில் நின்றிருந்தேன்.

"சித்தூர்ல மேட்ச்சாம்," என்றார் பால் சென்டர் அம்மா. "எம்பொண்ணுதான் கோல் நிக்குது."

மேஸ்திரி மனைவி கேனை இறக்கி வைத்தார். "உம்பொண்ணா? எம்பொண்ணு இல்ல நிக்குது?"

"ஏம்மா, கோலுக்கு ஒருத்திதான். எம்பொண்ண சார் வீட்டுக்கே வந்து கேட்டாரு."

"எங்க வீட்டுக்கு மட்டும் தெருவுலயே நின்னுட்டா போனாரு?"

"உம்பொண்ணு சும்மா பந்து பொறுக்கப் போவுது. வீட்ல பெருமைக்கு சொல்லி வெச்சிக்கீது."

"எம்பொண்ணா பொய் சொல்லுது?"

பின்னால் நின்ற இன்னொருத்தி, "ரெண்டு பேரும் இன்னாத்துக்கு அடிச்சிக்கறீங்க, நிக்கறது எங்க வீட்டுப் பொண்ணு," என்றார். அதற்குப் பின்னால் இருந்தவரும் ஏதோ சொன்னார். கேன் நிரம்பித் தரையில் ஓடியது. சார் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லியிருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வாத்தியார் அப்படிச் செய்யமாட்டார், பக்கத்து வீட்டுக்காரி செய்வாள் என்பதுதான் எல்லோருக்கும் தோன்றியது.

"காணிப்பாக்கம் வரியா?" என்றார் பால் சென்டர் அம்மா.

எங்கள் ஜில்லாவில் இதற்குமேல் பேச்சு இல்லை. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது. வரப்புத் தகராறு முதல் மாமியார் மருமகள் தகராறு வரை அந்தக் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சன்னதி முன் நின்று சொன்னால் தீர்ந்தது. அதுவும் சித்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் காணிப்பாக்கம், அப்புறம் மேட்ச் என்று வேனில் இடம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுவரை மேட்ச்சுக்கு வருவதாக ஒரு வீட்டிலும் பேச்சே இல்லை.

அன்று சாயங்காலம் மேஸ்திரி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பெரியவங்க எதுக்கு டீச்சர் சத்தியம் பண்ணணும்? ஆடறது பொண்ணுங்க. அதுங்களே சொல்லட்டும். எம்பொண்ணு பொய் சொல்லாது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது திரும்பிப் பார்த்து, "பொய் சொல்லியிருந்தா, அன்னியோட இந்த ஆட்டம் கீட்டம் எல்லாம் நின்னுச்சு," என்றார்.

மறுநாள் பெண்கள் எல்லோரும் சென்டருக்கு வந்துவிட்டார்கள். சாரும் வந்தார். எல்லோரும் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சுவரில் 'அ' அம்மாவும் 'ஆ' ஆடும் பார்த்துக்கொண்டிருந்தன.

"நேனே போயி சொல்லிடறேன்மா," என்றார் சார். "தப்பு நாது, என்னுது."

"சொன்னீங்கன்னா நாளையிலேர்ந்து இவ ஒருத்திதான் வருவா சார்," என்றாள் மேஸ்திரி மகள், உயரமானவளைக் காட்டி.

"நான் ஒருத்தி வந்து யார் அடிக்கறத புடிக்கறது?" என்றாள் உயரமானவள்.

"அப்ப கோயில்ல?" என்றார் சார்.

"சாமி முன்னாடி பொய் சொல்ல மாட்டேன் சார். எங்க நைனா நான் சொல்லமாட்டேன்னு சொல்லிகினு கீறாரு," என்றாள் மேஸ்திரி மகள்.

எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரியவேண்டியிருந்தது. "சார், கோல்கீப்பர்ன்னு எத வெச்சி சொல்றாங்க? பேரு குடுத்து வைக்கணுமா?"

"இல்லம்மா. வேற கலர் சட்டை போட்டுட்டு அங்க நிக்கறவங்கதான் கோல்கீப்பர். நடுவுல மாறலாம். பந்து வெளிய போனப்போ ரெஃபரி கிட்ட சொல்லிட்டு, சட்டைய மாத்திட்டு…"

மேஸ்திரி மகள் தலையை நிமிர்த்தினாள். "எத்தினி வாட்டி மாறலாம்?"

சார் அதைப் பற்றி யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "எத்தன வாட்டின்னு… எவரும் அப்படி மாத்த மாட்டாங்கம்மா."

"மாத்தக்கூடாதுன்னு கீதா?"

"லேது," என்றார் சார் மெதுவாக. அப்படி இல்லை என்று.

அதற்குப் பிறகு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பதினொரு பேரும் சத்தியம் செய்வது, பதினொரு பேரும் நிற்பது. சார் முகம் தெளிந்து கிளம்பிப் போனார். அவர் முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கியிருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் வேன் ஒன்றில் விடியுமுன் புறப்பட்டோம். காணிப்பாக்கத்துக் குளத்தில் பதினொரு பெண்களும் வரிசையாக முழுகினார்கள். நான் படியில் துண்டோடு நின்றேன். கூட்டம் அதிகமில்லை. சன்னதி முன்னால் முடியிலிருந்து தண்ணீர் சொட்ட, ஒவ்வொருத்தியாகச் சொன்னாள்: "இன்னிக்கி ஆட்டத்துல நான் கோல் நிப்பேன். இது சத்தியம்."

முதலில் சொன்னது பால் சென்டர் மகள். அவள் அம்மா மேஸ்திரி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அடுத்து மேஸ்திரி மகள் சொன்னாள். மேஸ்திரி மனைவி அந்தப் பார்வையைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாமவள் சொன்னாள். நான்காமவள் சொல்லும்போது பெரியவர்களிடம் பார்வை தீர்ந்துபோயிருந்தது. பதினொன்றாவது சத்தியமும் முடிந்தது. பொய் என்று சொல்ல வழியில்லை, சாமி கேட்டிருக்கிறார். உண்மை என்று சொன்னால் கணக்கு வரவில்லை. சார் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார், அல்லது நின்றுகொண்டு மட்டும் இருந்தார்.

"இன்னா டீச்சர் இது?" என்றார் மேஸ்திரி.

"ஆட்டத்துல பாத்துக்கலாம்," என்றேன். எனக்கும் அதுதான் தெரியும்.

பெண்கள் அங்கேயே நீலச் சட்டைக்கு மாறினார்கள். வேனில் சார் நிம்மதியாக, கோல்கீப்பருக்கான ஆரஞ்சு சட்டையையும் திருப்பதியில் வாங்கி வந்த கையுறையையும் உயரமானவளிடம் கொடுத்தார். "இதோட எல்லாம் முடிஞ்சுது. நீ நில்லு. மத்தவங்க ஆடுங்க."

"எல்லாரும்தான் சார் நிக்கறோம்," என்றாள் மேஸ்திரி மகள்.

"அதி கோயில்ல சொன்னதும்மா."

"கோயில்ல சொன்னதுனாலதான் சார்."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை என் கையில் டம்ளர் இல்லை. ஜன்னலைப் பார்த்தேன்.

சித்தூர் மைதானத்தில் ஒரு பக்கம் எங்கள் ஊர்க்காரர்கள், எதிர்ப்பக்கம் பங்காருபாளையத்துக்காரர்கள். எங்களவர்கள் கல்யாணத்துக்கு வந்ததுபோல ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி மட்டும் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில், தண்ணீர் கேனோடு.

ஆட்டம் தொடங்கியபோது உயரமானவள்தான் ஆரஞ்சில் நின்றாள். பந்து நடுவில் அங்குமிங்கும் கொஞ்சம் உருண்டது. பிறகு மேஸ்திரி மகளிடம் வந்தது. அவள் ஈர முடியோடு, அந்தக் கணக்குப் போடும் முகத்தோடு, மூன்று பேரைக் கடந்து நேராகப் போய் கோல் அடித்துவிட்டுத் திரும்பி நடந்து வந்தாள்.

எதிர்ப்பக்கத்தில் யாரோ, "எவரம்மாயி அதி?" என்று கேட்டது எங்களுக்குக் கேட்டது. யார் பெண் அது என்று. மேஸ்திரி பதில் சொல்லவில்லை.

"டீச்சர்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "கோல்கீப்பரு அவ்ளோ தூரம் போவுமா?"

"அவ முறை இன்னும் வரல."

முறை வர ஆரம்பித்தது. பந்து வெளியே போகும்போதெல்லாம் ஒருத்தி கையைத் தூக்கி ரெஃபரியிடம் சொல்வாள். ஆரஞ்சு சட்டை ஒரு தலையிலிருந்து கழன்று இன்னொரு தலையில் ஏறும், நீலச் சட்டைக்கு மேலேயே. அது உயரமானவள் அளவுக்கு வாங்கியது. மற்றவர்களுக்கு முழங்காலுக்கு வந்தது. மூன்றாவது முறை மாறும்போது ரெஃபரி சாரிடம் வந்தார்.

"ஏம் சார், மீ கோல்கீப்பர் எவரு?"

"அந்தரூ சார்," என்றார் சார். எல்லோரும்தான்.

ரெஃபரி விதியை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். தடை எதுவும் கிடைக்கவில்லை போல. விசிலை ஊதினார்.

அணியிலேயே குட்டையானவள் நின்றபோது பந்து அவள் தலைக்கு மேலே போனது. அவள் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்தவள் பந்தைப் பிடிக்காமல், வழக்கம்போல ஓங்கி உதைக்கப் போய், கால் காற்றில் போனது. பங்காருபாளையத்துக்காரர்கள் குஷியாகிவிட்டார்கள். "தலுப்பு வெய்யண்டம்மா!" என்று கத்தினார்கள். கதவைச் சாத்துங்கம்மா என்று. எங்கள் அம்மாக்கள் பக்கத்தில், "உம்பொண்ணாலதான்," "உம்பொண்ணுதான் மொதல்ல விட்டுச்சு," என்று சின்னக் குரலில் ஆரம்பித்தது. வாட்டர் பிளாண்டில் தன் மகள்தான் நிற்கிறாள் என்று சண்டை போட்டவர்கள் இப்போது தன் மகள் எப்போது வெளியே வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஆரஞ்சு சட்டை மேஸ்திரி மகளிடம் வந்தது.

அவள் போய் நடுவில் நின்றாள். கையுறையைப் போட்டுக்கொண்டு கைகளைத் தொங்கவிட்டாள். அவளால் அது முடியாது என்பது எனக்குத் தெரியும். ரோஸ் அட்டைக் காலத்திலேயே தராசில் அவளை அசையாமல் பிடித்து வைக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் சத்தியம் செய்திருந்ததால் நின்றாள், மிகவும் நேர்மையாக நின்றாள். பந்து வலப்பக்கம் வந்தது. எந்தப் பக்கம் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பந்து உள்ளே போனது. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்தம்பம்! ஸ்தம்பம்!" என்று எதிர்ப்பக்கத்தில் கை தட்டினார்கள்.

"எவன்டா தூணுன்னு சொல்றது?" என்றார் மேஸ்திரி. ஆனால் அது அந்தப் பக்கத்துக்குக் கேட்காது. இரண்டாவது பந்தும் உள்ளே போனது. அவர் கோட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டார். "சார்! சார்! எம்பொண்ண எதுக்கு அங்க நிக்க வெச்சிகினு கீறீங்க? நாயத் தொரத்தி புடிக்கற பொண்ணு சார் அது! வெளிய வுடுங்க, ஓடட்டும்!"

ஊர் முழுக்க அவரைப் பார்த்தது. மேஸ்திரி மனைவி எழுந்து நின்றே பார்த்தார்.

"சத்தியம் பண்ணிகீது," என்று யாரோ நினைவூட்டினார்கள்.

"நின்னாச்சு இல்ல? போதும்!"

அடுத்தமுறை பந்து வெளியே போனதும் சட்டை மாறியது. அதற்குப் பிறகு இன்னும் முறை வராதவர்களின் அம்மாக்கள் சாரைச் சூழ்ந்துகொண்டு, தங்கள் மகளை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினார்கள். சார் தயாராகத்தான் இருந்தார். பெண்கள் கேட்கவில்லை. சாமியிடம் சொன்னது சொன்னதுதான் என்று கடைசி ஆள் வரை நின்று முடித்தார்கள். நின்று முடித்தவர்கள் எல்லாம் விட்டு விடுதலையானதுபோல ஓடினார்கள். மேஸ்திரி மகள் இன்னொரு கோல் போட்டாள். அந்தப் பக்கம் மறுபடி, "எவரம்மாயி?" என்று கேட்டது.

"மா அம்மாயி!" என்றார் மேஸ்திரி. எங்க பொண்ணு. தெலுங்கில், எதிர்ப்பக்கம் கேட்கும்படி.

கடைசியில் சட்டை உயரமானவளிடமே திரும்பி வந்தது. அதன்பிறகு ஒரு பந்தும் உள்ளே போகவில்லை, ஆனால் அதற்குள் போகவேண்டியதெல்லாம் போயிருந்தது. அன்றைய டைரியில் நான் எழுதியது: வெயில். காணிப்பாக்கத்தில் இட்லி. ஏழுக்கு இரண்டு.

திரும்பும் வழியில் பால் சென்டர் அம்மா, "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, எம்பொண்ணுதான் கோல்கீப்பருன்னு," என்றார்.

"ஆமா, நிக்கறதுக்கு உம்பொண்ணுதான் சரி," என்றார் மேஸ்திரி மனைவி. அவர் குத்திப் பேசினார். பால் சென்டர் அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். இருவரும் ஒரே பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தார்கள். சாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சத்தியம் ஒன்றும் பொய்யாகவில்லையே.

மறுநாள் ஏரிக்குப் பதினொரு பேரும் வந்தார்கள். கரை முள்ளுக்கு இந்தப் பக்கம் ஏழெட்டு அப்பாக்களும் வந்து, வேறு ஏதோ வேலையாக வந்ததுபோல நின்றார்கள்.

சித்தூரில் ஆட்டம் பார்த்த ஒருவர் சாரிடம் சொல்லியனுப்பியதால், மேஸ்திரி மகளைத் திருப்பதியில் ஒரு தேர்வுக்கு அழைத்துப் போனோம். மேஸ்திரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார், கல்யாணச் சட்டையில். கூட ஒரு பெண் வேண்டும் என்பதால் நானும் போனேன். புத்தூரிலிருந்து மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். மலை தெரிய ஆரம்பித்ததும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மைதானத்தில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேருக்கு முடி ஆண் பிள்ளை கிராப். மேஸ்திரி அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். விசில் கட்டிய ஒருவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து இவளிடம் நின்றார்.

"ஏ பொசிஷன்?"

எந்த இடத்தில் ஆடுவாள் என்று கேட்கிறார். அவள் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முன்னால் போனார்.

"ஏதைனா பர்லேது சார். கோல்கீப்பர் மாத்ரம் வத்து." எதுவானாலும் சரி, கோல்கீப்பர் மட்டும் வேண்டாம்.

விசில்காரர் தலையாட்டிவிட்டு, எல்லாப் பெண்களையும் கோட்டில் நிறுத்தினார். மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த வேப்பமரத்தைக் காட்டினார். அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். விசில் அடித்ததும் கிளம்பினார்கள். பாதி வழியிலேயே யார் முன்னால் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

மேஸ்திரி என் பக்கம் வந்து நின்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் பெரிய நிம்மதி.

"ஓடத்தான் சொல்றாங்க டீச்சர்," என்றார். "நிக்கச் சொல்லல."